வைரத்தை வைத்து நரம்பைக் கேட்பது: காரைக்குடிப் பக்கம் தொடங்குபவர்களுக்கு

நரம்பில் துடிப்பு ஓடும்போது அயனிகள் நகர்கின்றன. அயனி நகர்ந்தால் மின்னோட்டம். மின்னோட்டம் இருந்தால் சுற்றிலும் காந்தப்புலம். பத்தாம் வகுப்புப் பாடம்தான். சிக்கல் அளவில் இருக்கிறது. செட்டிநாட்டில் நின்றால் பூமியின் காந்தப்புலமே ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. ஒற்றை நரம்பிழையிலிருந்து வைர உணரி பிடித்த பெரிய துடிப்பு, உச்சத்துக்கு உச்சம், சுமார் 4 நானோடெஸ்லா. அதாவது பூமிப்புலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதுவும் ஒரு மில்லிவிநாடிக்கு மட்டும்.

தவளையின் தொடை நரம்பிலிருந்து முதன்முதலில் இப்படி அளந்தவர்கள் விக்ஸ்வோ, பராக், ஃப்ரீமன் (1980). அவர்கள் கையாண்டது திரவ ஹீலியத்தில் குளிர்ந்திருக்கும் ஸ்குவிட் கருவி, அதாவது மீக்கடத்தியால் ஆன காந்தமானி. 2016-இல் ஹார்வர்டு குழு, அறை வெப்பநிலையில் இருக்கும் வைரச் சில்லு ஒன்றால் கடற்புழுவின் பெருநரம்பிழையையும் கணவாயின் பெருநரம்பிழையையும் அளந்தது. அதே ஆண்டு கோபன்ஹேகன் குழு சீசியம் ஆவிக் குப்பியால் தவளை நரம்பை அளந்தது. இங்கே சொல்லப்போவது வைர வழி. கல்லூரி ஆய்வகத்தில் தவணை தவணையாகக் கட்டி முடிக்கக்கூடியது அதுதான்.

பாகங்கள் வாங்கும் முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். இந்தத் துறைக்கு வருபவர்களில் பலர் உயிரியிலிருந்து தொடங்கி இரைச்சலில் மூழ்குகிறார்கள். கணக்கிலிருந்து தொடங்கினால் பாதி ஏமாற்றம் குறையும்.

முதலில் தாளில்

நீண்ட கம்பியைச் சுற்றியுள்ள புலம், மின்னோட்டத்தைத் தூரத்தால் வகுத்து 0.0000002-ஆல் பெருக்கியது. 10 மைக்ரோ ஆம்பியர், 1 மி.மீ. தூரம் என்றால் 2 நானோடெஸ்லா. இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து விகிதம்.

நரம்பிழைக்குள் நீளவாக்கில் ஓடும் மின்னோட்டம் என்பது குறுக்குவெட்டுப் பரப்பு, உள்திரவத்தின் கடத்துதிறன், இழை நெடுக உள்ள மின்னழுத்தச் சரிவு ஆகிய மூன்றின் பெருக்கல். கடத்துதிறனை மீட்டருக்கு 1 சீமென்ஸ் என்று வைப்போம். விட்டம் 0.4 மி.மீ., துடிப்பின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், 0.4 மில்லிவிநாடியில் 100 மில்லிவோல்ட் ஏற்றம் என்றால், சரிவு மீட்டருக்கு 25 வோல்ட், மின்னோட்டம் 3 மைக்ரோ ஆம்பியர், 0.6 மி.மீ. தள்ளி 1 நானோடெஸ்லா. கடற்புழுவில் பார்த்தது இந்த வரிசையில்தான்.

இப்போது நம் தோட்டத்து மண்புழு. நடுப் பெருநரம்பிழை 70 மைக்ரான், வேகம் விநாடிக்கு 20 மீட்டர், ஏற்றம் 0.3 மில்லிவிநாடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் 0.06 மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கிவிடும். அரை மி.மீ. தூரத்தில் 25 பிகோடெஸ்லா (ஆயிரம் பிகோ ஒரு நானோ). மேலே கடற்புழு அளவுக்குப் போட்ட கணக்கில் நாற்பதில் ஒரு பங்கு. பரப்பு விட்டத்தின் வர்க்கமாகக் குறைவதால் வரும் வினை இது. "புழுதானே, இரண்டும் ஒன்றுதானே" என்று தொடங்கிய திட்டம் இந்த ஒரு வரியில் முடிந்துபோகும். தாளில் முடிந்தால் நட்டம் இல்லை.

தொட்டாற்சிணுங்கியை வைத்துப் பார்க்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். செடிகளிலும் மின்துடிப்பு உண்டு. ஆனால் பூச்சி பிடிக்கும் வீனஸ் செடியில் 2021-இல் அளந்து காட்டியது அரை பிகோடெஸ்லா அளவுதான், அதுவும் கவசத்துக்குள் வைத்த ஆவிக்குப்பி உணரியால். வைரத்துக்கு அது எட்டாது.

ஏன் ஆவிக்குப்பி வேண்டாம்?

வேண்டாம் என்றில்லை, வேலை வேறு. ருபிடியம் ஆவியில் இயங்கும், விலைக்குக் கிடைக்கும் உணரிகள் 7 முதல் 15 பெம்டோடெஸ்லா/√ஹெர்ட்ஸ் வரை போகும் (ஆயிரம் பெம்டோ ஒரு பிகோ; இது உணரியின் இரைச்சல் அளவு, எண் சிறிதானால் கூர்மை அதிகம்). வைரத்தைவிட ஆயிரம் மடங்கு கூர்மை. மூளையிலிருந்து தலைக்கு வெளியே வரும் நூறு பெம்டோடெஸ்லாவைப் பிடிக்க அதுதான் வழி. 2018-இல் நாட்டிங்ஹாம் குழு தலையில் அணிந்து நடமாடும் கருவியாகவே அதைக் காட்டியது. ஆனால் அதன் குப்பி 150 டிகிரி அளவில் சூடாக இருக்கும், ஆவிக்கும் மாதிரிக்கும் நடுவே 6 மி.மீ. போல இடைவெளி வேண்டும், சுற்றுப்புலத்தை 50 நானோடெஸ்லாவுக்குள் அடக்கும் மியூ-மெட்டல் (காந்தப்புலத்தைத் தன் வழியே திருப்பிவிடும் உலோகக் கலவை) கவசம் வேண்டும், அலைவரிசை அகலமோ 150 ஹெர்ட்ஸ் பக்கம் நின்றுவிடும். ஒரு மில்லிவிநாடித் துடிப்பு அதில் மழுங்கிப் போகும். பெம்டோடெஸ்லா என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கருவி வாங்காதீர்கள். தூரம், வேகம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வைரம் கூர்மை குறைந்தது. ஆனால் நரம்புக்கு ஒட்டினாற்போல் உட்காரும், கவசம் கேட்காது, கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பேசும்.

எந்த வைரம்

ஆச்சியின் தோட்டைக் கேட்காதீர்கள். இரண்டு காரணம், ஒன்று உங்களுக்கே தெரியும். மற்றது, இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் அணுக்கள் கோடிக்கணக்கான ஆண்டுச் சூட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டவை. நம் பக்கத்தில் விரும்பி வாங்கிய ப்ளூ ஜாகர் கல்லில் தெரியும் அந்த நீலச் சாயல், பெரும்பாலும் மூன்று நைட்ரஜன், அணு இல்லாத ஒரு காலி இடத்தைச் சூழ்ந்த அமைப்பு தரும் ஒளிர்வு. நமக்கு வேண்டியது ஒரே ஒரு நைட்ரஜனும் அதன் பக்கத்தில் ஒரு காலி இடமும். இதை என்வி மையம் என்பார்கள். பச்சை ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும். அதன் சுழற்சி நிலையைப் பொறுத்துச் சிவப்பின் அளவு மாறும். அந்த மாற்றம்தான் நம் முள்.

இதற்கென்றே ஆய்வகத்தில் வளர்த்து, அணுக்களுக்கு நடுவே காலி இடங்கள் உண்டாக்கி, சூடுபடுத்திப் பதமாக்கிய சில்லு விற்கிறார்கள். எலிமென்ட் சிக்ஸ் நிறுவனத்தின் டிஎன்வி-பி1 என்பது 3 × 3 × 0.5 மி.மீ. அளவு; தொடக்கத்துக்குப் போதும். நரம்பு வேலைக்குச் சிறந்தது, மேல்பரப்பில் மட்டும் பத்துப் பதினைந்து மைக்ரான் தடிமனுக்கு என்வி அடுக்கு உள்ள சில்லு. முழுக் கனமும் ஒளிர்ந்தால், அடியில் உள்ள மையங்கள் நரம்பிலிருந்து அரை மி.மீ. தள்ளி நின்று ஒளியை மட்டும் கூட்டும், சமிக்ஞையைக் கூட்டாது.

என்வி மையத்துக்கு நான்கு திசைகள் உண்டு. காந்தம் வைக்காதபோது எல்லாம் 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையில் ஒரே இடத்தில் ஒத்ததிர்கின்றன. அங்கே சிவப்பு ஒளி சற்று மங்கும்; வரைபடத்தில் விழும் அந்தப் பள்ளத்தைத்தான் கோடு என்கிறோம். அச்சுத்திசையில் 1 நானோடெஸ்லா மாறினால் கோடு 28 ஹெர்ட்ஸ் நகரும். கோட்டின் அகலமோ 1 மெகாஹெர்ட்ஸ் பக்கம். பெரிய கோட்டின் சரிவில் சின்ன அசைவைப் படிக்கிறோம்.

இடமும் மேசையும்

செட்டிநாட்டு வீட்டில் ஒரு பின்கட்டு அறை கிடைத்தால் நல்லதுதான்: கனமான தரை, தடித்த சுவர், மேலே லிஃப்ட் கிடையாது. இரும்புக் கர்டர் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். அசையாத இரும்பு நிலையான புலம்தான் தரும். அதைக் காந்தத்தைச் சற்றுத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். ஆடும் இரும்புதான் பகை. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள், திறந்து மூடும் இரும்புக் கிராதி, பீரோக் கதவு, ஓடும் சீலிங் ஃபேன்.

பழைய வீடுகளின் வேறொரு தொல்லை வயரிங். மரச்சட்டத்தில் ஓடும் பழைய இணைப்புகளில், சுவிட்சுக்குப் போகும் கம்பி ஒரு பக்கமும் நியூட்ரல் இன்னொரு பக்கமும் போய், அறையையே ஒரு பெரிய சுற்றாக ஆக்கிவிடும். அறையின் விளக்கு, ஃபேன் இரண்டையும் அணைத்துவிட்டு, எல்லாக் கருவிக்கும் மூன்று கம்பியும் ஒன்றாக ஓடும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையிலிருந்து மின்சாரம் எடுங்கள். இன்வெர்ட்டர் பக்கத்து அறையில்கூட வேண்டாம்.

மேசைக்கு 60 × 60 செ.மீ., 5 செ.மீ. தடிப்பில் கருங்கல் பலகை. ஏறக்குறைய 50 கிலோ வரும். அதைப் பாதி காற்றடித்த ஸ்கூட்டர் டியூப் இரண்டின் மேல் வையுங்கள். விலையுயர்ந்த ஒளியியல் மேசைக்கு இது ஈடில்லை. ஆனால் ஆள் நடக்கும் அதிர்வை நன்றாகவே விழுங்கும். அதிர்வு ஏன் முக்கியம் என்பது காந்தத்தைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

திருகுகளில் ஏமாந்துவிடாதீர்கள். எவர்சில்வர் காந்தம் பிடிக்காது என்று நம்புவது பழக்கம். வளைத்து, மரை போட்ட எவர்சில்வர் கொஞ்சம் பிடிக்கும். பித்தளையிலும் இரும்புக் கலப்பு வரும். ஒரு சின்ன நியோடிமியம் காந்தத்தை நூலில் தொங்கவிட்டு, மாதிரிக்கு 10 செ.மீ. தூரத்துக்குள் வைக்கப்போகும் ஒவ்வொரு பாகத்தையும் அதன் அருகே கொண்டுபோங்கள். நூல் சாய்ந்தால் அந்தப் பாகம் வேண்டாம். நைலான் திருகு, அக்ரிலிக், அலுமினியம் போதும்.

ஒளி

532 நானோமீட்டர் பச்சை லேசர். ஒத்ததிர்வைப் பார்க்க மட்டும் 50 முதல் 100 மில்லிவாட் போதும். நரம்புக்குப் போகும்போது அரை வாட்டுக்கு மேல் தேவைப்படும். மலிவான பச்சை லேசர் பேனாவை உடைத்துப் பயன்படுத்தாதீர்கள்: அகச்சிவப்பு கசியும், கண்ணுக்குத் தெரியாது, லேசரின் அலைமுறை தாவித் தாவி ஒளி குதிக்கும். 532-க்குரிய பாதுகாப்புக் கண்ணாடி, ஒளியடர்த்தி 4-க்குக் குறையாமல், அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும். வைரம் நன்றாகப் பட்டை தீட்டிய பரப்பு. ஒளிக்கற்றை எந்தப் பக்கம் தெறிக்கும் என்று ஊகிக்க முடியாது.

கற்றையை மேலிருந்து அடிக்காமல் சில்லின் பக்கவாட்டில் நுழையவிடுங்கள். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4, உள்ளே செங்குத்திலிருந்து 25 டிகிரிக்கு மேல் சாய்ந்து மேல்பரப்பைத் தொட்டால் ஒளி முழுதாக உள்ளேயே திரும்பிவிடும். நரம்பு மேலே இருக்கும், ஒளி அதைத் தொடாது. சிவப்பு ஒளியை அடியிலிருந்து எடுக்கிறோம்: 650 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விடும் வடிகட்டி, அதற்கடுத்து ஒளியை மின்னோட்டமாக்கும் சிலிக்கான் போட்டோடையோடு. இரண்டையும் சில்லோடு எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்குங்கள்.

லேசரிலிருந்து சிறு பங்கைப் பிரித்து இரண்டாவது போட்டோடையோடுக்கு அனுப்பி, இரண்டு மின்னோட்டத்தையும் கழித்துவிடுங்கள். லேசரின் ஏற்ற இறக்கம் இரண்டிலும் பொதுவாக இருப்பதால் அடிபட்டுப் போகும். கழித்தல் நன்றாக நடக்க இரண்டு மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும்.

நுண்ணலை

2.8 முதல் 2.95 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும் மூலம் வேண்டும். ஏடிஎஃப்4351 சிப் உள்ள மலிவுப் பலகை 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை தரும். கோட்டைத் தேடிப் பிடிக்க அது போதும். அலைவெண்ணை வேகமாக ஆட்ட வேண்டிய கட்டத்தில், வெளியிலிருந்து பண்பேற்றம் ஏற்கும் சரியான சிக்னல் ஜெனரேட்டரைத் துறையில் கடன் கேளுங்கள். அதன்பின் 1 முதல் 2 வாட் தரும் பெருக்கி. ஆன்டெனா என்பது அரை மி.மீ. செப்புக் கம்பியை 5 மி.மீ. வளையமாக வளைத்து எஸ்எம்ஏ என்ற நுண்ணலைத் திருகு இணைப்பில் பற்றவைத்ததுதான். சில்லு வளையத்தின் நடுவில்.

இங்கே பலருக்குத் தெரியாத தொல்லை ஒன்று. நரம்பு உப்புநீரில் இருக்கும். உப்புநீர் நுண்ணலையை விழுங்கிச் சூடாகும். ஆன்டெனாவின் ஒத்திசைவும் கெடும். உலர்ந்தபோது அருமையாக இருந்த கோடு, நீரூற்றியதும் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். மருந்து சமையலறையில் இருக்கிறது: பார்சல் கட்டும் அலுமினியத் தாள். சில்லுக்கும் நரம்புக்கும் நடுவே ஒரு தாள், அதன் மேல் கேப்டன் (Kapton) என்ற மின்காப்பு நாடா. 2.87 கிகாஹெர்ட்ஸில் அலுமினியத்துக்குள் நுண்ணலை ஒன்றரை மைக்ரான்தான் புகும், ஆகவே தாள் தடுத்துவிடும். நரம்பின் கிலோஹெர்ட்ஸ் புலத்துக்கு அதே அலுமினியம் இரண்டரை மி.மீ. வரை வழிவிடும், ஆகவே தாள் இருப்பதே தெரியாது. மிச்சமிருக்கும் பச்சை ஒளியையும் தாளே மறைக்கும். தாள் வைத்தபின் ஆன்டெனாவின் இடத்தை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

காந்தம்

நான்கு திசைகளில் ஒன்றைப் பிரித்தெடுக்க 1 மில்லிடெஸ்லா அளவில் நிலையான புலம் வேண்டும். புலம் ஒவ்வொரு திசையின் கோட்டையும் இரண்டாகப் பிரிக்கும். அப்போது அச்சோடு ஒத்த திசையின் இரு கோடுகள் 2842, 2898 மெகாஹெர்ட்ஸில் நிற்கும். மற்ற மூன்று திசைகளும் நடுவே 2861, 2879 பக்கம் சேர்ந்திருக்கும். ஓரக் கோடுகள் இரண்டும் அதிகபட்சம் விலகி, நடுவில் உள்ளவை ஒன்றின் மேல் ஒன்று விழும்வரை காந்தத்தைத் திருப்பினால் சீரமைப்பு முடிந்தது. காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போவதால் நம் ஊரில் பூமிப்புலம் ஏறக்குறையத் தரைக்கு இணையாக வடக்கு நோக்கி இருக்கும். அது ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் கோட்டை நகர்த்த வல்லது. சீரமைத்தபின் மேசையைத் திருப்பாதீர்கள்.

ஒரே காந்தத்தை 10 செ.மீ. தள்ளி வைத்து 1 மில்லிடெஸ்லா உண்டாக்கினால், அங்கே புலம் ஒவ்வொரு மி.மீ.க்கும் 30 மைக்ரோடெஸ்லா மாறும். சில்லு ஒரு மைக்ரான் ஆடினால் 30 நானோடெஸ்லா! கடற்புழுவின் துடிப்பைப் போல ஏழெட்டு மடங்கு. டியூப் மேல் கல் வைத்தது இதற்காகத்தான். அதைவிட நல்லது, ஒத்த இரண்டு காந்தங்களை இருபுறமும் சம தூரத்தில், ஒன்றின் வடக்கு மற்றதன் தெற்கைப் பார்க்க வைப்பது. நடுவில் சரிவு பெருமளவு அடிபடும். நியோடிமியம் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வலு இழக்கும். சமாரியம்-கோபால்ட் அதில் மூன்றில் ஒரு பங்குதான். சித்திரை மாதத்து அறையில் இது பெரிய வித்தியாசம்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளும் (ஆரத்தின் அளவே இடைவெளி விட்டு எதிரெதிரே வைத்த இரண்டு வளையச் சுருள்) கட்டலாம்: ஆரம் 10 செ.மீ., பக்கத்துக்கு 100 சுற்று, 1 ஆம்பியருக்கு 0.9 மில்லிடெஸ்லா. மோட்டார் காயில் கட்டும் கடையில் 21 கேஜ் எனாமல் கம்பி கேட்டால் கிடைக்கும். 126 மீட்டர் வேண்டும், தடை நாலேகால் ஓம் வரும். ஆனால் மின்னோட்டத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இரைச்சல் இருந்தாலே 1 நானோடெஸ்லா ஆகிவிடும். ஆகையால் நிலைப்புலத்துக்குக் காந்தம், அளவு பார்க்க மட்டும் சுருள் என்பதே எங்கள் தேர்வு.

வெப்பம் வைரத்தையும் விடாது: ஒரு டிகிரிக்கு 2.87-லிருந்து 74 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். காந்தப்புலமாகப் படித்தால் அது 2.6 மைக்ரோடெஸ்லா. நல்ல வேளையாக வெப்பம் இரு ஓரக் கோடுகளையும் ஒரே பக்கம் தள்ளும், காந்தப்புலம் எதிரெதிர்ப் பக்கம் தள்ளும். இரண்டையும் படித்து வித்தியாசம் எடுத்தால் வெப்பம் கழிந்துவிடும். தொடக்கத்தில் ஒற்றைக் கோடு போதும்; பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சரிவின் நடுவுக்கு மீண்டும் வந்துகொள்ளுங்கள்.

கோட்டைப் பிடிப்பது

2.80 முதல் 2.94 கிகாஹெர்ட்ஸ் வரை 0.2 மெகாஹெர்ட்ஸ் படியாக ஓட்டி, சிவப்பு ஒளியை வரையுங்கள். ஒன்றிரண்டு விழுக்காடு ஆழத்தில் பள்ளங்கள் தெரிய வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் வரிசையாகப் பாருங்கள்: வடிகட்டி வழியே பச்சை கசிகிறதா, வளையம் சில்லைச் சுற்றி இருக்கிறதா, பெருக்கிக்கு மின்சாரம் போகிறதா. பள்ளம் அகலமாகவும் ஆழமாகவும் இருந்தால் நுண்ணலை அதிகம்; குறையுங்கள். கோடு மெலிந்து வரும்போது ஒவ்வொன்றும் 2.16 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் மூன்று பல்லாகப் பிரிவதைப் பார்ப்பீர்கள். நைட்ரஜன் கருவின் கைவரிசை அது. அது தெரிந்தால் உங்கள் அமைப்பு நல்ல நிலையில் இருக்கிறது.

பிறகு நுண்ணலையின் அலைவெண்ணை 17.3 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் சில நூறு கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஆட்டி, போட்டோடையோடு வெளியீட்டை, அந்த ஆட்டத்தோடு ஒத்து வரும் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கிக்குக் கொடுங்கள். பள்ளம் இருந்த இடத்தில் மேலும் கீழுமாகச் சாயும் வளைவு வரும். அது சுழியைக் கடக்கும் புள்ளிதான் நீங்கள் உட்கார வேண்டிய இடம். லாக்-இன் நேரமாறிலி (எவ்வளவு நேரத்துக்குச் சராசரி எடுக்கிறது என்பது) 50 மைக்ரோவிநாடி. பழைய ஆய்வகப் பழக்கத்தில் அதை ஒரு விநாடியில் விட்டுவிட்டு, "இரைச்சலே இல்லை, துடிப்பும் இல்லை" என்று வியப்பது வழக்கமான தவறு.

இரைச்சலை இனம் பிரிப்பது

மூன்று அளவு எடுங்கள். லேசரை அணைத்து ஒன்று. அது மின்னணு இரைச்சல். லேசர் எரிய, நுண்ணலையைக் கோட்டிலிருந்து விலக்கி ஒன்று. அது ஒளியின் இரைச்சல். கோட்டின் மேல் உட்கார்ந்து ஒன்று. இரண்டாவதும் மூன்றாவதும் சமமென்றால் ஒளியைத்தான் கூட்ட வேண்டும், கழித்தலைத்தான் திருத்த வேண்டும். மூன்றாவது மட்டும் பெரிதென்றால் காந்த இரைச்சல் அல்லது நுண்ணலை மூலத்தின் இரைச்சல். அப்போது லேசருக்குச் செலவழிப்பது வீண்.

எட்டக்கூடிய எல்லை எது? கோட்டின் அகலம் 1 மெகாஹெர்ட்ஸ், ஆழம் ஒரு விழுக்காடு, ஒளிமின்னோட்டம் 0.1 மில்லி ஆம்பியர் என்றால் ஒளித்துகள் எண்ணிக்கையின் இயல்பான தடுமாற்றம் மட்டுமே 110 பிகோடெஸ்லா/√ஹெர்ட்ஸ் தரும். 1 மில்லி ஆம்பியர் என்றால் 35. ஹார்வர்டு குழு எட்டியது 15. உங்கள் எண் இந்தக் கணக்கைவிட இரண்டு மூன்று மடங்குக்குள் இருந்தால் நல்லது. நூறு மடங்கு என்றால் எங்கோ பிழை.

50 ஹெர்ட்ஸ் உறுமல் எப்படியும் வரும், பத்திலிருந்து நூற்றுக்கணக்கான நானோடெஸ்லா. அதை ஒழிக்கப் பாடுபடுவதைவிட, சராசரியில் கரையவிடுவது சுலபம். தூண்டுதல்களுக்கு இடைவெளி அரை விநாடி என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் உறுமல் ஒரே கட்டத்தில் வந்து கூடிக்கொண்டே போகும். 0.513 விநாடி வையுங்கள். கட்டம் ஒவ்வொரு முறையும் நகர்ந்து, இருபது முறையில் 50, 100, 150 ஹெர்ட்ஸ் எல்லாம் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்ளும். செலவில்லாமல் கிடைக்கும் கவசம்.

பொய் நரம்பு

மெல்லிய எனாமல் கம்பி ஒன்றைச் சில்லின் மேல், அடுக்கிலிருந்து 1 மி.மீ. தள்ளி நேராக இழுத்துக் கட்டுங்கள். திரும்பும் கம்பி 10 செ.மீ. தள்ளிப் போகட்டும், மற்ற இடமெல்லாம் முறுக்கிய இணை. முதலில் 1 மில்லி ஆம்பியர்: 200 நானோடெஸ்லா, ஒரே முறையில் தெரிய வேண்டும். தெரியும் உயரத்தை வைத்து வோல்ட்டை டெஸ்லாவாக மாற்றும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1 வோல்ட்டை 100 கிலோ ஓம் வழியே விட்டு 10 மைக்ரோ ஆம்பியர்: 2 நானோடெஸ்லா, ஒரு மில்லிவிநாடி, மேலும் கீழுமாக.

திசையைக் கவனியுங்கள். வழக்கமான சில்லில் என்வி அச்சு பரப்பிலிருந்து 35 டிகிரி எழும்பி நிற்கும். கம்பி அந்த அச்சின் நிழலுக்குச் செங்குத்தாக ஓடினால் புலத்தில் 82 விழுக்காடு கிடைக்கும். நிழலோடு ஒத்து ஓடினால் சுழி. "எல்லாம் சரி, சமிக்ஞை மட்டும் இல்லை" என்று வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இது.

110 பிகோடெஸ்லா/√ஹெர்ட்ஸ் உணரியில் 2 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு இரைச்சல் 5 நானோடெஸ்லா. 600 முறை சராசரி எடுத்தால் அது 0.2 ஆகும், 2 நானோடெஸ்லாப் பொய் நரம்பு பத்து மடங்கு உயர்ந்து தெரியும். 0.513 விநாடி இடைவெளியில் ஐந்து நிமிட வேலை. இதே உணரியில் மண்புழுவின் 25 பிகோடெஸ்லாவை மூன்று மடங்கு உயரத்தில் பார்க்க ஏறக்குறைய மூன்றரை லட்சம் முறை சராசரி எடுக்க வேண்டும்: இரண்டு நாள், இரவு பகல். எந்தப் புழுவும் அவ்வளவு நேரம் துடித்துக் காட்டாது. உங்கள் உணரியின் எண்ணைப் போட்டு, உங்கள் மாதிரிக்கு இந்தக் கணக்கைச் செய்து, ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் மட்டும் உயிருள்ள நரம்புக்குப் போங்கள்.

உயிருள்ள நரம்பு

எந்த உயிரியானாலும் முதலில் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். தவளையைத் தேடிப் போகாதீர்கள். கல்லூரிகளில் விலங்கறுப்பைப் பல்கலைக்கழக மானியக் குழுவே நிறுத்தச் சொல்லிவிட்டது. தொண்டிக் கரையில் ஏறும் ஊசிக்கணவாய்க்கும் பெருநரம்பிழை உண்டு. ஆனால் ஐஸ் பெட்டியில் வந்த கணவாயில் துடிப்பு இருக்காது, உயிருள்ளதைக் காரைக்குடிவரை கொண்டுவருவது கடல்நீர்த் தொட்டி, காற்று, குளிர் எல்லாம் சேர்ந்த தனி வேலை. கடலோர ஆய்வகத்துக்குக் கருவியைத் தூக்கிப்போவது அதைவிட நடக்கக்கூடியது. மண்புழு மின்பதிவுப் பயிற்சிக்கு உதவும்: பத்து விழுக்காடு எத்தனால் கலந்த உப்புநீரில் மயக்கி, அறுக்காமலே, தோலின் மேல் வைத்த மின்முனைகளால் துடிப்பைக் கேட்கலாம். தூண்டுதல், நேரம், பெருக்கி எல்லாம் கைக்குப் பழகும்.

நரம்பை வைக்கும்போது குளியல் திரவத்தைக் குறையுங்கள். இழைக்குள் போகும் மின்னோட்டம் வெளியே உப்புநீர் வழியாகத் திரும்பி வரும்; உணரி தள்ளிப் போகப்போக இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நரம்பின் மேல் மெல்லிய ஈரப் படலம், சுற்றிலும் மினரல் எண்ணெய் என்பது பழைய உத்தி, உலரவும் விடாது. சூட்டையும் பாருங்கள். லேசரும் நுண்ணலையும் சேர்ந்து சில்லைச் சூடாக்கும், குளிர்கடல் உயிரியின் நரம்பு நம் அறைச் சூட்டையே தாங்காது.

தூண்டும் மின்னோட்டம் பெரிய வில்லன். 1 மில்லி ஆம்பியர், 1 செ.மீ. தள்ளி இருந்தாலும் 20 நானோடெஸ்லா. போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டையும் நுனிவரை முறுக்குங்கள்; மின்முனைகளைச் சில்லிலிருந்து 2 செ.மீ.யாவது தள்ளுங்கள். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் துடிப்பு வந்துசேர ஒரு மில்லிவிநாடி ஆகும். அதற்குள் தூண்டலின் சுவடு அடங்கிவிடும். ஒன்றுவிட்டு ஒன்று தூண்டலின் முனையை மாற்றினால் சுவடு தலைகீழாகும், நரம்பின் துடிப்பு மாறாது. சராசரியில் சுவடு மட்டும் கழியும்.

பக்கத்தில் இரண்டு வெள்ளி மின்முனையால் மின்னழுத்தத்தையும் சேர்த்துப் பதியுங்கள். காந்தத் துடிப்பு அதன் நகலாக இருக்காது. உள்ளே ஓடும் மின்னோட்டம் அழுத்தத்தின் சரிவைப் பொறுத்தது என்பதால், காந்தப் பதிவு மின்பதிவின் மாறுவீதம் போல இருக்கும்: மின்பதிவில் ஒற்றை மேடு, காந்தப் பதிவில் ஒரு மேடும் ஒரு பள்ளமும். இரண்டும் ஒரே வடிவில் வந்தால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் மின்முனையின் சமிக்ஞை கம்பி வழியே போட்டோடையோடுப் பெருக்கிக்குள் கசிகிறது.

நம்புவதற்கு முன் நான்கு சோதனை. நுண்ணலையைக் கோட்டிலிருந்து விலக்கினால் துடிப்பு மறைய வேண்டும். மறையாவிட்டால் அது காந்தமே இல்லை. இன்னொரு ஓரக் கோட்டுக்குப் போனால் குறி மாற வேண்டும். நரம்பை மறுமுனையிலிருந்து தூண்டினால், துடிப்பு எதிர்த்திசையில் ஓடுவதால், மறுபடி குறி மாற வேண்டும். கடைசியாக, தூண்டும் இடத்துக்கும் சில்லுக்கும் நடுவே நரம்பில் லிக்னோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தை விட்டால் துடிப்பு போக வேண்டும், தூண்டலின் சுவடு மட்டும் மிஞ்ச வேண்டும். லிக்னோகெயினைக் கடைசியில் வையுங்கள். கழுவினாலும் நரம்பு எப்போதும் பழைய நிலைக்குத் திரும்பாது.